முன்பணமும் மதிப்பீடும்: டர்பனில் முதல் வீடு வாங்குவோர் கேட்டவை

டர்பனில் 22 ஆண்டுகளாக வீட்டுக் கடன் விண்ணப்பங்களோடு பழகி வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, வீட்டுக்கு வங்கி போடும் மதிப்பீடு பேசிய விலையைவிடக் குறைந்துபோனதைப் பற்றியவை.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, 11 லட்சம் ராண்டுக்கு ஒரு வீடு பேசியிருக்கிறோம். வங்கி 10 லட்சம் என்று மதிப்பிட்டுவிட்டது. கையில் 1 லட்சத்து 10 ஆயிரம் இருக்கிறது. போதாதா?

போதாது, தங்கை. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி பொதுவாகக் கடன் தரும். 10 லட்சத்தில் 90 சதவீதம் கிடைத்தால் 9 லட்சம். உங்கள் பணத்தைச் சேர்த்தாலும் 90 ஆயிரம் துண்டு விழுகிறது. மதிப்பீட்டுத் தொகை முழுவதையும் வங்கி தந்தால் விலையைக் கட்டிவிடலாம். ஆனால் மீதி 10 ஆயிரத்தில், வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றித்தரும் வழக்கறிஞரின் கட்டணம் அடங்காது.

மதிப்பீடு ஏன் குறைந்தது என்று முதலில் கேளுங்கள். உங்கள் பகுதியிலேயே ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டாளரோடு போயிருந்தேன். பின்பக்கம் இரண்டு அறைகள், தனிச் சமையலறை, புதிய ஓடு பதித்த தரை. நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டார். வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார். அந்த அறைகள் அதில் இல்லவே இல்லை. மதிப்பீட்டாளர் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், அந்த அறைகளுக்கும் சேர்த்துத்தான் விற்பவர் விலை கேட்கிறார். மதிப்பீட்டைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): முழுக் கடனே கிடைக்கும் என்கிறார்கள். பிறகு முன்பணம் எதற்கு?

ஒரு கணக்குப் போடுவோம். 10 லட்சம், 20 ஆண்டு, 11 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,320 ராண்ட். ஒரு லட்சம் முன்பணம் கட்டுகிறீர்கள், அதனால் வங்கி வட்டியை 10.5 ஆக இறக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை சுமார் 8,985. வட்டி அப்படியே நின்றால் 20 ஆண்டில் தவணைகளில் மிஞ்சுவது 3 லட்சத்து 20 ஆயிரம். கட்டிய முன்பணத்தைப் போல மூன்று மடங்கு! ஆனால் வட்டி தானாக இறங்காது. கேட்டு வாங்க வேண்டும். ஒரே வங்கியோடு நிற்காமல் மூன்று நான்கு வங்கிகளில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நகராட்சிப் பட்டியலில் வீட்டின் மதிப்பு அதிகமாக இருக்கிறது. அதைக் காட்டி வங்கியிடம் வாதாடலாமா?

பயனில்லை. அது வீட்டுவரிக்கான மதிப்பு. அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலைகளைக் காட்டுங்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு.

கேள்வி (டோங்காட்): ஓய்வூதிய நிதியிலிருந்து எடுத்து முன்பணம் கட்டலாமா?

2024 செப்டம்பர் முதல், அந்த நிதியில் ஓய்வுக்கு முன்பே எடுப்பதற்கென ஒதுக்கிய சேமிப்புப் பகுதியிலிருந்து வரியாண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். ஆனால் அந்தத் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். முதுமைக்கான பணம், தம்பி. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் எடுங்கள். குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ராண்டுக்குள் இருந்தால், திருப்பிக் கட்டத் தேவையில்லாத ‘ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ்’ அரசு உதவிக்குத் தகுதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: சேமித்ததை எல்லாம் முன்பணமாகவே கட்டிவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். வீடு கைமாறும்போது வாங்குபவர் அரசுக்குக் கட்டும் உரிமை மாற்ற வரிக்கான விலை வரம்பு 2025 ஏப்ரலில் 12 லட்சத்து 10 ஆயிரமாக உயர்ந்தது. அதற்குள் வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் உரிமை மாற்றத்துக்கும் கடன் பதிவுக்கும் வழக்கறிஞர் கட்டணம் உண்டு. குடிபோன மாதமே கூரை ஒழுகலாம். வங்கி மதிப்பிடுவது தன் கடனுக்காக. சுவரின் ஈரத்தை உங்களுக்காக யாரும் தேடித்தர மாட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, சரிவில் நிற்கும் வீடென்றால் தாங்குசுவரைத் தனியாக ஒரு பொறியாளரிடம் காட்டச் சொல்கிறேன். அந்தச் செலவுக்கும் பணம் வைத்திருங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், அதே தங்கை): விற்பவர் விலையைக் குறைக்காவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியுமா?

உங்கள் ஒப்பந்தத்தில் கடன் நிபந்தனை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள் என்று தெளிவாக இருந்து, அந்தத் தொகை கிடைக்காமல் போனால் ஒப்பந்தம் பொதுவாகத் தானே காலாவதியாகும், முன்பணமும் திரும்பும். வங்கி தரும் குறைந்த கடனை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால் நிலைமை வேறு. ஆகவே நாளைக் காலையே ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவரை வங்கித் தாள் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.