கேள்வி–பதில்: மாமரத்தடிக் காளான்கள்

கேள்வி: இறந்த எங்கள் நாயை மாமரத்தடியில் புதைத்தோம். மழைக்குப் பின் அங்கு மட்டும் காளான்கள் முளைத்துள்ளன. உடலை மட்கச் செய்வது அவைதானா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தசையைச் சிதைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. அச்சிதைவில் வெளிப்படும் அம்மோனியா மண்ணைக் காரமாக்கும்போது, பிற பூஞ்சைகள் ஒடுங்க, அதைத் தாங்கவல்ல சில தலையெடுக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் நவோஹிகோ சகாரா 1975இல் இவற்றை ‘அம்மோனியாப் பூஞ்சைகள்’ என வகைப்படுத்தினார். முதலில் பூசணங்களும் சிறு காளான்களும் தோன்றும். பிற்பாடு, ஓக், பைன் போன்ற மரங்களின் வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்தும் ஹெபெலோமா முதலிய காளான்கள் வந்து, எஞ்சிய நைட்ரஜனை உறிஞ்சுகின்றன. மாமரத்துக்கு அவ்வகைக் கூட்டு இல்லையாதலால், நீங்கள் கண்டவை அநேகமாக மட்கும் பொருள்களை உண்டு வாழும் மட்குண்ணிகளே. பூஞ்சைகளின் தனித்திறன் முடியிலும் நகத்திலும்தான் தெரிகிறது: அவற்றிலுள்ள, எளிதில் அழியாத கெரட்டின் என்னும் புரதத்தைச் சில மண்பூஞ்சைகள் நொதிகளால் மெல்லக் கரைத்துவிடுகின்றன. கறிக்குப் பறிக்க மட்டும் வேண்டாம். இனம் தெரியாத காளான் எங்கு முளைத்தாலும் ஆபத்தே.