‘தி வயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் போலீசார் உடனே கைது செய்யாமல் ஏன் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கிறார்கள்?

கதை நடக்கும் பால்டிமோர் நகரின் தெருமுனையில் போதைப்பொருள் விற்கும் சிறுவனைப் பிடிப்பது எளிது. மறுநாளே அங்கே வேறொருவன் நிற்பான். கும்பலின் தலைவன் ஏவான் பார்க்ஸ்டேல் சரக்கைத் தொடுவதே இல்லை. அவனைச் சதி வழக்கில் சேர்க்க, உத்தரவு அவனிடமிருந்து வருகிறது என்று நிரூபித்தாக வேண்டும்.

அமெரிக்கச் சட்டப்படி, வழக்கமான புலனாய்வு முறைகள் பலிக்கவில்லை அல்லது பலிக்காது என்று நீதிபதிக்குக் காட்டினால்தான் ஒட்டுக்கேட்க அனுமதி. குற்றத்துக்குத் தொடர்பில்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. ஆகவேதான் போலீஸ்காரர் ஒருவர் கூரையில் காத்திருந்து, பொதுத் தொலைபேசியில் யார் பேசுகிறார் என்று பார்த்துச் சொல்கிறார். கும்பலின் பேஜரில் (அழைக்க வேண்டிய எண்ணைக் காட்டும் சிறு கருவி) வருவதோ சங்கேத எண்கள்: தொலைபேசி விசைகளில் 5-ஐத் தாண்டி எதிரே இருக்கும் எண்ணை எடுக்க வேண்டும்; 5-க்குப் பதில் 0. துப்பாக்கி பிடிக்கத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்ட போலீஸ்காரர் பிரெஸ் இதைக் கண்டுபிடிக்கும் இடம் அபாரமானது.

இந்த நுணுக்கம் தற்செயல் அல்ல. 2002 முதல் 2008 வரை எச்பிஓ தொலைக்காட்சியில் வந்த இத்தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் அந்நகரில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே கொலை வழக்குகளைத் துப்பறிந்த காவல் அதிகாரி.