நல்ல சிலம்ப ஆசானை எப்படி அறிவது?

கேள்வி (தேனியிலிருந்து ஒரு வாசகர்): என் 10 வயது மகளைச் சிலம்பம் பழக அனுப்ப விரும்புகிறேன். எங்கள் ஊரில் இருவர் கற்றுத் தருகிறார்கள். ஒருவர் இளைஞர், கோயில் திருவிழாவில் தீப்பந்தக் கம்பைச் சுழற்றி ஊரையே வாய்பிளக்க வைத்தவர். மற்றவர் 60 வயதைக் கடந்தவர். அவர் சொல்லித்தருவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நடை பழக்குவதுபோல்தான் இருக்கிறது. கலை தெரியாத நான், இவர்களில் தேர்ந்தவர் யார் என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தப் பெரியவர் பழக்குவது நடைதான். சிலம்பத்தில் அதற்குக் காலடி என்று பெயர். கம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கால்தான் தீர்மானிக்கிறது என்பதால், பழைய ஆசான்கள் பலர் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பே வாரக்கணக்கில் வெறுங்கையோடு காலடி போடச் சொல்வார்கள். ஆகவே ஒருவர் ஆடும்போது அவருடைய இடுப்புக்குக் கீழே மட்டும் கால் மணி நேரம் பாருங்கள். பாதம் தரையைத் தேடித் தடுமாறாமல், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை மாறுவதே தெரியாமல் திரும்புகிறவர் தேர்ந்தவர். கை மின்னலாகச் சுழன்றாலும் கால் ஒரே இடத்தில் நட்டுவைத்தாற்போல் நின்றால், அங்கே மணிக்கட்டு மட்டும்தான் பழகியிருக்கிறது.

தீப்பந்தம் சுற்றுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கும் நெஞ்சுரம் வேண்டும். ஆனால் எரிகிற கம்புக்கு அருகே எதிராளி யாரும் வருவதில்லை. எதிரே ஓர் ஆள் நின்று, அவன் கையிலும் ஒரு கம்பு இருக்கும்போதுதான் தூரத்தைக் கணிக்கும் திறமை வெளிப்படும். தேர்ந்தவர் அடியைத் தடுப்பதற்காகப் பெரிதாகத் துள்ள மாட்டார். அரை அடி விலகி நிற்பார், வந்த கம்பு காற்றை மட்டும் அடித்துவிட்டுப் போகும். அவருடைய தோள் காதுவரை ஏறியிருக்காது, பிடி இறுகியிருக்காது, கண் தன் கம்பின் நுனியிலும் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தென்னந்தோப்பில் நடந்த மாலைப் பயிற்சியைப் பார்த்தேன். நெற்றி உயர மூங்கில் கம்போடு ஆசான் ஒரு சிறுவனின் மணிக்கட்டை நோக்கி முழு வேகத்தில் வீசினார். கம்பு தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. பையன் கண்ணைக்கூட மூடவில்லை. எனக்கு வீச்சைவிட அந்த நிறுத்தம்தான் பெரிதாகத் தெரிந்தது. வீசுவதற்குப் பலம் போதும், நிறுத்துவதற்கு உடல் முழுவதும் சொன்னபடி கேட்க வேண்டும். தன் ஆசானின் கையில் அந்தப் பையனுக்கு இருந்த நம்பிக்கையும் ஒரு நாளில் வந்ததாக இருக்காது.

பயிற்சி தொடங்கும்போது போகாமல், முடிகிற நேரத்துக்குப் போங்கள். களைத்த உடல் பொய் சொல்லாது. மூச்சு வாங்கும்போதும் காலடி குலையாதவர், உண்மையிலேயே நெடுநாள் பழகியவர். அந்த வகுப்பிலேயே மிகவும் தடுமாறுகிற பிள்ளையிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பாருங்கள். அந்தப் பிள்ளையின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு ஆட முடிகிறவரிடம் வித்தை மிச்சம் இருக்கிறது.

பதக்கங்களும் சான்றிதழ்களும் இக்காலத்தில் வேண்டியவைதான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளிலும் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் பதக்கம் ஆடுகிறவரைப் பற்றிச் சொல்லுமே தவிர, கற்றுத் தருகிறவரைப் பற்றி அதிகம் சொல்லாது. வர்மத்தில், அதாவது உடலின் உயிர்நிலைப் புள்ளிகளில், தொட்டால் ஆள் விழுந்துவிடுவான் என்று சிறு பிள்ளைகள் முன்னால் பேசுகிறவரிடமிருந்து மட்டும் சற்றுத் தள்ளியே இருங்கள். 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று எண்ணிவைத்த மரபில், அடிபட்டவனை எழுப்பும் முறையையும் சேர்த்தே கற்றார்கள். அதை அறிந்தவர்கள் வீதியில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கேள்வி (கரூரிலிருந்து ஒரு வாசகி): கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கிய ஒருவர் எங்கள் தெருவில் வகுப்பு தொடங்கியிருக்கிறார். கறுப்புப் பட்டை என்றால் கரைகண்டவர் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. அந்தப் பட்டையின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் ஷோதான் என்று பெயர். முதற்படி என்பதே அதன் பொருள். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ வகுத்த இந்தப் படிநிலை முறையை, கராத்தேயில் 1924இல் கிச்சின் பூனகோஷி என்ற ஆசான் கைக்கொண்டார். அடிப்படைகளைக் கற்று முடித்தவர், இனிப் பாடம் தொடங்கலாம் என்பதற்கான அடையாளம் அது. தரமும் அமைப்புக்கு அமைப்பு வேறுபடுகிறது. எனவே பட்டையைப் பற்றிக் கேட்காமல், இப்போது யாரிடம் பழகுகிறீர்கள் என்று அவரைக் கேளுங்கள். பெயரைச் சொல்லி, கடைசியாக எப்போது அங்கே போனார் என்பதையும் தயங்காமல் சொன்னால் பிள்ளையை அனுப்பலாம். முதல் மாதம் நீங்களும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்றால் வேறு வகுப்பு தேடுங்கள்.