சிறுகுறிஞ்சான் பொடியும் காலை நேரப் படபடப்பும்

சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரையோடு சிறுகுறிஞ்சான், சக்கரக்கொல்லி என்று இரண்டு பொடிகளும் சாப்பிடும் அம்மாவுக்குக் காலையில் படபடப்பு வருவதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு பொடிகளையும் இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அம்மாவுக்கு காலை பதினோரு மணிவாக்கில் வரும் கைநடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் சர்க்கரை தாழ்வதால்தான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. போதாததற்கு, செங்கோட்டையில் வாங்கிய சிறுகுறிஞ்சான், புனலூரிலிருந்து வந்த சக்கரக்கொல்லி என்று இரண்டும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சக்கரக்கொல்லி என்பது சிறுகுறிஞ்சானின் மலையாளப் பெயர், இரண்டும் ஒரே கொடிதான்!

நடுக்கம் வரும் அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பொடி நாக்கில் பட்ட கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது, சர்க்கரை மணல் மாதிரி இருக்கும். அம்மா துப்பிவிடப் போகிறார், கவனம். ருசி தெரியாவிட்டாலும் உள்ளே போனால் வேலை செய்யும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தும் படபடத்தால் காரணம் வேறு. இதயத்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்படியானாலும் இந்த வாரமே இரண்டு டப்பாக்களையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த மாத்திரையால் சர்க்கரை தாழும் ஆபத்து அதிகம்.