ஆளைப் பிடிக்காதீர்கள், பட்டையை உருவுங்கள்

கேள்வி: எங்கள் ஆபீஸ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் டேக் ரக்பி லீக் ஆரம்பிக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் கலந்த அணிகள். நான் கல்லூரியில் கபடி ஆடியவன், இப்போது வயது 36. ரக்பியை டிவியில் பார்த்ததோடு சரி. முதல் ஆட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. எதைப் பழகிக்கொண்டு போவது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

கபடி ஆடியவருக்குக் கால் சுறுசுறுப்பும், எதிரில் வருகிறவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கணிக்கிற கண்ணும் இருக்கும். இந்த ஆட்டத்துக்கு இரண்டும் கைகொடுக்கும். ஆளைப் பிடிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டாக வேண்டும்.

ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெல்ட், அதன் இரு பக்கமும் வெல்க்ரோவில் ஒட்டிய இரண்டு பட்டைகள். பந்து வைத்திருப்பவரின் பட்டைகளில் ஒன்றை உருவினால் அவரைப் பிடித்த கணக்கு. உருவியவர் பட்டையை உயர்த்தி ‘டேக்!’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். இடிப்பது, தள்ளுவது, சட்டையை இழுப்பது எல்லாம் தவறு. பந்தோடு ஓடுகிறவர் தன் பட்டையைக் கையால் மறைத்தாலும், எதிராளியின் கையைத் தட்டிவிட்டாலும் தவறுதான்.

ஸ்பெயினை ஒட்டிய ஜிப்ரால்டரில் இருந்த பிரிட்டிஷ் படை வீரர்கள், தரை கெட்டியாக இருந்ததால் விழுந்து புரளாமல் ரக்பி ஆட, டிரவுசர் இடுப்பில் கயிற்றுத் துண்டைச் செருகிக்கொண்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் 1991-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெல்க்ரோ பட்டையோடு முதல் டேக் ரக்பி விழா நடத்தினார்கள். நம் பக்கத்துத் தரைக்கு இதைவிடப் பொருத்தமான ரக்பி இல்லை என்பேன்.

பட்டை எடுக்கும்போது கண் எதிராளியின் இடுப்பில் இருக்கட்டும். தலையும் தோளும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவார். நேருக்கு நேர் போய் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் வாருங்கள். கடைசி இரண்டு எட்டைச் சின்னதாக வைத்து, முழங்காலை மடக்கி, பட்டையின் கீழ் நுனிக்குக் கையை நீட்டுங்கள். ஓடும்போது நுனி உடம்பை விட்டு விலகித் தொடைப் பக்கம் ஆடும். கலப்பு அணியில் ஆண்களும் பெண்களும் கையை நீட்டத் தயங்குவது நம் ஊரில் இயல்பு. நுனியைக் குறிவைத்தால் விரல் உடம்பில் படாது, தயக்கமும் போய்விடும். எல்லோரும் சட்டையை உள்ளே விட்டு, பாக்கெட் இல்லாத டிராக் போடுங்கள். பாக்கெட்டில் மாட்டித்தான் பலருக்கு விரல் பிசகுகிறது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது பாஸ். பந்தைப் பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்கலாம், முன்னால் போகக் கூடாது. புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் பந்து வைத்திருப்பவருக்குச் சரிசமமாக ஓடுவார்கள். அப்போது பாஸ் தானாகவே முன்னால் போய்விடும். வாங்குகிறவர் நாலைந்து மீட்டர் பின்னால் இருந்து ஓடிவந்து நெஞ்சு உயரத்தில் வாங்க வேண்டும். தினமும் இரண்டு பேர் ஒருவரை எதிர்த்து ஆடிப் பழகுங்கள். பந்தோடு நேராக அவரை நோக்கி ஓடுங்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பிக் கை நீட்டுகிற நொடியில் பந்தை விடுங்கள். முன்கூட்டியே விட்டால் அவர் உங்கள் கூட்டாளியிடம் போய்விடுவார், தாமதித்தால் பட்டை போய்விடும். இந்த ஒரு பயிற்சியை ஒழுங்காகச் செய்த அணிதான் புள்ளி எடுக்கும்.

எதிரணியிடம் பந்து இருக்கும்போது ஒரே வரிசையாக முன்னேறுங்கள். ஒருவர் மட்டும் பாய்ந்தால் அவர் விட்ட இடைவெளியில்தான் பந்து வரும்.

டேக் ஆன பிறகு என்ன என்பது லீக்குக்கு லீக் மாறும். பள்ளி ஆட்டத்தில் மூன்று நொடிக்குள் பாஸ் கொடுத்தால் போதும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் லீக்குகளில் பெரும்பாலும் டேக் ஆன இடத்தில் நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் உருட்டுவார்கள். எதிரணி சில மீட்டர் பின்வாங்கி நிற்கும். ஆறு டேக் ஆனால் பந்து கைமாறும். உங்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன், நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். எது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லா அணிகளும் பேசி முடிவு செய்யுங்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை. சில லீக்குகளில் பெண்கள் போடும் ட்ரைக்குக் கூடுதல் புள்ளி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; பந்து எல்லோர் கைக்கும் போனால் போதும்.

உங்கள் பக்கம் கரிசல் தரை. கோடையில் வெடிப்பு விடும், கணுக்கால் உள்ளே போனால் மாதக்கணக்கில் படுக்கைதான். ஆடும் இடத்தை முந்தின நாளே நடந்து பார்த்து, வெடிப்பை மண் போட்டு மூடி, நெருஞ்சியையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்குங்கள். இரும்பு ஸ்டட் ஷூ வேண்டாம், ரப்பர் அடி போதும். பாய்ந்து விழுந்து ட்ரை போடக் கூடாது என்று விதியே வைத்துவிடுங்கள். கோட்டைத் தாண்டிக் குனிந்து பந்தைத் தரையில் வைத்தால் புள்ளிதான்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 36 வயதில் திடீரென்று வேகமாக ஓடினால் முதலில் பிடிப்பது பின்தொடைதான். இந்த ஒரு மாதமும் வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடி, கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் இருபது மீட்டர் வேக ஓட்டத்தைச் சேருங்கள்.