பழைய சவுண்ட் கார்டில் ஓப்-ஆம்ப், கண்டென்சர் மாற்றினால் ஒலித்தரம் உண்மையிலேயே கூடுமா?

கூடும். ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் முதலில் தேவையில்லாததைத்தான் மாற்றினேன்.

என்னுடையது பழைய பிசிஐ கார்டு. 32 ஓம்ஸ் ஹெட்போனை நேரடியாகச் செருகிக் கேட்பேன். பாஸ் கிடாரும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் மெலிந்தே ஒலிக்கும். ஓப்-ஆம்பை, அதாவது ஒலி சிக்னலைப் பெருக்கும் ஐசியை, மாற்று என்று பலரும் சொன்னதால், இருந்த 4580 ஐசியைக் கழற்றி, எட்டுக்கால் சாக்கெட் வைத்து ஓபிஏ2134 போட்டேன். இரண்டு நாள் பிரமாதமாக இருப்பதாகவே தோன்றியது. அப்புறம் தம்பியிடம், கணினியை அணைத்துவிட்டு எனக்குத் தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தச் சொன்னேன். பத்து முறையில் ஐந்து முறைதான் எது என்று சரியாகச் சொன்னேன். கேட்காமலே சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

குறை இருந்தது ஐசிக்கும் ஹெட்போன் ஜாக்குக்கும் நடுவே உள்ள கண்டென்சரில். டிசி மின்சாரம் ஹெட்போனுக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. மதிப்பு குறைவாக இருந்தால் பாஸையும் சேர்த்துத் தடுத்துவிடும். கணக்கு எளிது: 1,59,000-ஐ, ஹெட்போனின் ஓம்ஸ், கண்டென்சரின் மைக்ரோஃபாரட் இரண்டையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், எத்தனை ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபல் குறைகிறது என்று தெரிந்துவிடும். என் கார்டில் 100 மைக்ரோஃபாரட், ஆக 50 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பாஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அது சுமார் 4 டெசிபல் குறைந்து வந்துகொண்டிருந்தது!

470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கண்டென்சர் இரண்டு வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து, இடம் போதாததால் படுக்கவைத்துச் சால்டர் செய்தேன். எல்லை 11 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. தம்பியை வைத்துச் சோதிக்கவே தேவைப்படவில்லை, முதல் பாட்டிலேயே தொப்பி நாதம் நெஞ்சில் வந்து விழுந்தது.

நீங்கள் ஹெட்போன் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேட்பவரென்றால் இந்த வேலை வேண்டாம். அதன் உள்ளீடு பொதுவாக 10,000 ஓம்ஸ் அல்லது அதற்கும் மேல். 10 மைக்ரோஃபாரட் இருந்தாலே 2 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அங்கே உர்ரென்று இரைச்சல் வந்தால், கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அது எர்த் லூப்தான், அதாவது இரண்டும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல்.

ஓப்-ஆம்ப் மாற்றும் ஆசை இருந்தால், ஆசுஸ் ஸோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் போல சாக்கெட்டோடு வந்த கார்டில் செய்யுங்கள், கழற்றி மாட்டினால் போதும். மற்ற கார்டுகளில் எல்எம்4562 மாதிரி வேகமான ஐசி போட்டால், அதன் சப்ளை கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஐசி உள்ளீடே இல்லாமல் தானாகவே அலைவுகளை (ஆஸிலேஷன்) எழுப்ப ஆரம்பித்துச் சூடாகலாம்.

மதர்போர்டிலேயே உள்ள சவுண்ட் சிப்பில் மட்டும் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சின்ன யுஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் வெளிக் கருவி) வாங்கிவிடலாம்.