சம்மரியைக் காட்டியும் அதே மருந்து

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பல் வீக்கத்துக்காக அமாக்சிசிலின் – கிளாவுலானிக் அமில மாத்திரை ஏழு நாள் சாப்பிட்டார். மூன்று வாரம் கழித்து மஞ்சள் காமாலையும் உடம்பெல்லாம் அரிப்பும் வந்தன. மருந்தால் பித்தக்குழாய் பாதிப்பு என்றார்கள். குணமாகி வீடு திரும்பியபோது, இந்த மருந்தை இனி தரக்கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தந்தார்கள். எட்டு மாதம் கழித்து சளிக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். சம்மரியைக் காட்டியும் அதே மருந்தை வேறு பெயரில் எழுதினார்கள். காமாலை மறுபடி வந்து, இப்போது இன்னும் கடுமையாக இருக்கிறது. வழக்குப் போடலாமா?
– வாசகி, பெரம்பூர்

போடலாம் அம்மா. ஆனால் முதல் தடவை நடந்ததை வழக்கில் குற்றச்சாட்டாகச் சேர்க்காதீர்கள். அந்த மருந்து அபூர்வமாக சிலருக்கு இப்படிச் செய்யும். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்தும் காமாலை தலைகாட்டும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், அது கவனக்குறைவு ஆகாது.

உங்கள் வழக்கே இரண்டாவது மருத்துவமனை எழுதிய மருந்துச் சீட்டுதான். ஒருமுறை ஈரலைத் தாக்கிய மருந்தை மறுபடி கொடுத்தால் பாதிப்பு வேகமாகவும் கடுமையாகவும் வரலாம் என்பது மருத்துவப் பாடத்தில் இருப்பது. சிலருக்கு நுண்ணிய பித்தக்குழாய்களே அழிந்துபோய், ஈரல் மாற்று வரை போவதுண்டு. மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. பித்தநீர் ஓட்டத்துக்கு உதவும் உர்சோடியாக்சிகோலிக் அமிலமும் அரிப்புக்கான மருந்துகளும் துணைக்குத்தான்.

எதிர்த்தரப்பு இரண்டு கேள்வி கேட்கும். ஒன்று, 'சம்மரியைக் காட்டியதற்கு என்ன சாட்சி?' ஓ.பி. சீட்டில் பழைய காமாலை பற்றி ஒரு வரி இருந்தாலும் போதும், பாதி வேலை முடிந்தது. ஆகவே சிகிச்சைப் பதிவுகளை இன்றே எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதி. இரண்டாவது, 'வீட்டில் கீழாநெல்லி கொடுத்தீர்களா?' ஈரல் பாதிப்புக்கு அதையே காரணம் காட்டப் பார்ப்பார்கள். நம் ஊரில் காமாலை என்றால் யார்தான் கொடுக்கவில்லை! கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். காமாலை வந்த பிறகுதான் கொடுத்தோம் என்று தேதியோடு சொல்லுங்கள்.

சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. நிபுணர் சாட்சி எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் இப்போது பார்க்கும் ஈரல் மருத்துவரிடம், காரணம் இந்த மருந்துதான் என்று எழுதி வாங்கிவிடுங்கள். போலீஸ் புகார் வேண்டாம். மருத்துவர்கள் மீதான கிரிமினல் வழக்கு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி மிகக் குறுகலானது.

மருத்துவமனையிலிருந்து சமாதானம் பேசக் கூப்பிட்டால் போய்வாருங்கள். ஆனால் முதல் டிஸ்சார்ஜ் சம்மரியின் அசலைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.